குடிலுக்குள் சாம்பல் ராணி

2025 டிசம்பர் 22, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, மதுரை வில்லாபுரத்தில், முப்பத்தாறு கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த ஓர் அன்பியம் தன் கிறிஸ்துமஸ் குடிலைப் போடத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஒன்பது வருடங்களும் அந்த வேலை இருபத்து மூன்றாம் தேதிதான் தொடங்கியது.

அந்த ஒரு நாள் வித்தியாசத்தில் லூர்துராஜ் மாட்டிக்கொண்டார்.

குடில் சாமான்கள் உள்ள பெரிய அட்டைப்பெட்டி வருடம் முழுக்க அவர் வீட்டுப் பரணில் கிடக்கும். மாதா, சூசையப்பர், பாலன் இயேசு, மூன்று ராஜாக்கள், காது உடைந்த கழுதை, எண்ணிக்கையில் அடங்காத ஆடுகள். ஜனவரியில் மேலே ஏறினால் டிசம்பர் வரை அதை ஒருவரும் தொடுவதில்லை. ஒரு பொருளை மனைவியின் கண்ணில் படாமல் வைக்க அந்த வீட்டில் வேறு இடமே கிடையாது என்று நவம்பர் மாதம் அவர் முடிவு செய்தார். இருபத்து இரண்டாம் தேதி சாயங்காலம் எடுத்துவிட்டால் போதும் என்பது கணக்கு.

லூர்துராஜுக்கு நாற்பத்தெட்டு வயது. உதவி பெறும் பள்ளி ஒன்றில் அலுவலகக் கண்காணிப்பாளர். ஆசிரியர்கள் விடுப்பு விண்ணப்பத்தை அவர் மேசையில் வைக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்த மனிதரின் வீட்டு முன்னறையில், கண்ணாடி போட்ட அலமாரியில், ஒரு சாண் உயரத்தில் பதினோரு அரக்கர்கள் நின்றார்கள். மூன்று கண் எருது, இரட்டைத் தலைத் தவளை, முதுகில் பாசி படர்ந்த சேற்று பூதம், கல்லால் ஆன குண்டன். ‘பாதாளப் படை’ என்ற வரிசை அது. மொத்தம் பன்னிரண்டு. செய்த வெளிநாட்டுக் கம்பெனி பன்னிரண்டாவதைக் கொஞ்சமாக வெளியிட்டுவிட்டு இழுத்து மூடிவிட்டது.

முதலில் வந்தது எருதுதான். பதினான்கு வருடங்களுக்கு முன்னால் மகள் ஜெனிஷாவுக்காக டவுன்ஹால் ரோட்டு நடைபாதையில் வாங்கினார். குழந்தை அதைப் பார்த்ததும் வீறிட்டு அழுதது. தூக்கிப் போட மனம் வராமல் தன் மேசையில் வைத்தார். மறுநாள் காலை காபியோடு உட்கார்ந்து அதன் மூன்றாவது கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அரைமணி நேரம் போனது தெரியவில்லை. இப்போது ஜெனிஷா சென்னையில் கல்லூரிக்குப் போகிறாள். எருது இங்கேயே இருக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலமாரியைத் திறப்பார். ஓவியத் தூரிகையால் ஒவ்வொன்றின் பல்லிடுக்கையும் தட்டுவார். பிறகு இடம் மாற்றுவார். யார் யாரோடு பேச்சு வார்த்தை இல்லை, யார் யாரிடம் சமாதானத்துக்கு வந்திருக்கிறார் என்பதெல்லாம் வாராவாரம் மாறும். எருதுக்கு ‘ஹெச்.எம்.’ என்று பெயர். ஒரு தலை ஆமென்றும் இன்னொரு தலை இல்லையென்றும் சொல்வதால் தவளைக்கு ‘ஆடிட் பார்ட்டி’. இந்தப் பெயர்கள் மனைவி ஆனிமேரிக்கு மட்டும் தெரியும். அவள் சிரிப்பாள், கூடவே அலமாரியில் தன் கண்ணாடி டம்ளர்களுக்கு இடம் போய்விட்டதையும் சொல்வாள். பதினொன்றாவது வந்த அன்று அவர் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இத்தோடு சரி.

பன்னிரண்டாவது, சாம்பல் ராணி, நவம்பர் பத்தாம் தேதி பார்சலில் வந்தது. வௌவால் இறக்கை, ஏழாகப் பிரிந்த வால், அகலத் திறந்த வாய். பள்ளி முகவரிக்கு வரவழைத்து, புதுப் பட்டுக் கைக்குட்டையில் சுற்றி, குடில் பெட்டியில் ஆடுகளுக்கு அடியில் படுக்க வைத்தார். டிசம்பர் இருபத்தேழில் இந்த மாதிரி பொம்மை சேர்க்கிறவர்களின் கூட்டம் அவனியாபுரத்தில் நடக்க இருந்தது. திருச்சி, கோவை, நெல்லையிலிருந்தெல்லாம் வருவார்கள். பன்னிரண்டும் ஒன்றாக நிற்பதை அந்தக் கூட்டத்தில் எவரும் பார்த்ததில்லை. அன்று பார்க்க வேண்டும். அவருக்கும் முதல் தடவை அதுதான்.

திங்கட்கிழமை டி. கல்லுப்பட்டியில் ஒரு பள்ளியின் பணிப்பதிவேடுகளைச் சரிபார்த்துவிட்டு மாலை ஐந்தரைக்குத் தெருவுக்குள் நுழைந்தபோது, தெருமுனையில் குடில் பாதி எழும்பியிருந்தது. காகித மலை, வைக்கோல் கொட்டகை, கேழ்வரகு முளைவிட்ட தட்டுகள். மலை உச்சியில் இறக்கையை விரித்துக்கொண்டு சாம்பல் ராணி. வாய்க்குள் சிவப்பு சீரியல் பல்பு அணைந்து அணைந்து எரிந்தது.

எப்படிக் கீழே இறக்குவது என்று யோசித்தார். அதே சமயம், எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்றும் தோன்றியது.

“வா தம்பி,” என்றார் அன்பியத் தலைவி அருளாயி அக்கா, கையெல்லாம் பசையோடு. “நாளைக்கு மழைன்னு சொன்னாக, அதான் இன்னைக்கே இறங்கிட்டோம். இத பாரு. பட்டுத்துணில சுத்தி, பெட்டிக்குள்ள. யாரோ நேர்ச்சை வச்சிருக்காக. பேரு கூடச் சொல்லல பாத்தியா, என்னா தாழ்ச்சி!”

பக்கத்தில் ஆனிமேரி ஆடுகளுக்குக் கால் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, குடிலுக்குப் பொருத்தமா இருக்குமா இது?” என்றார் லூர்துராஜ். “நான் வேணா ஒரு நல்ல ஒட்டகம் வாங்கியாரேன்.”

“ஒட்டகம் மூணு கெடக்கு. ஒட்டகம் நெருப்புக் கக்குமா? நேர்ச்சைப் பொருள எடுத்தா யாருக்குப் பாவம்? குடில்ல ஏறுனது மூணு ராசாக்கள் திருநாளுக்குத்தான் எறங்கும்.”

மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி ஆறு. கூட்டம் இருபத்தேழு. லூர்துராஜ் வீட்டுக்குப் போய், பதினோரு பேருக்கு முன்னால் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆனிமேரி எடுத்தாள். அவனியாபுரத்துப் பல் டாக்டர் கிரிதர், கூட்டத்தை நடத்துகிறவன்.

“அண்ணி, அண்ணன்ட்ட சொல்லிருங்க. பன்னெண்டையும் வைக்கத் தனி மேசை போட்டாச்சு. ராணியோட பல்லப் பாக்கணும்னு நான் ஒரு மாசமாத் தூங்கல.”

லூர்துராஜ் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஆனிமேரி அலமாரியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“பதினொண்ணுதான் இருக்கு. ராணின்னா எவ அவ?”

அவர் சொன்னார். கைக்குட்டை வரைக்கும் சொன்னார். திட்டு விழும் என்று காத்திருந்தார். ஆனிமேரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

“ஊர்ல பொம்பளைய ஒளிச்சு வைப்பாக. நீங்க பூதத்தக் கொண்டுபோய் மாதா மடியில ஒளிச்சிருக்கீக! நான்தானே அதுக்குப் பல்பு மாட்டுனேன், தெரியுமா?”

“நீயா?”

“வாய் அம்புட்டு அகலமா இருந்துச்சு. சும்மா விட மனசு வரல.”

அவர் தலை குனிந்து நின்றார். வாக்குத் தப்பியது ஒருபுறம். பன்னிரண்டும் ஒன்றாக நிற்கப்போவதில்லை என்பது இன்னொருபுறம். பதினான்கு வருடம்.

“எதுக்கு மூஞ்சிய இப்புடி வச்சிருக்கீக?” என்றாள் ஆனிமேரி. “அவ இங்க வர முடியாதுன்னா, இவுக அங்க போகட்டும்.”

“தெருவுலயா? எல்லாரும் பாப்பாகளே.”

“பாக்கத்தானே வாங்குனீக?”

இதுவரை அலமாரியைப் பார்த்த தெருக்காரர்களிடம் ‘மகளோட பொம்மை’ என்றே சொல்லி வந்திருந்தார். இருபத்து நான்காம் தேதி காலை எட்டு மணிக்கு, தோசைமாவு வாங்கப் போகிறவர்களும் பள்ளி வேன் ஓட்டுகிறவரும் பார்க்க, பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் பதினோரு அரக்கர்களை நிறுத்தி, கண்காணிப்பாளர் லூர்துராஜ் தெருமுனைக்கு நடந்தார்.

அருளாயி அக்கா தாம்பாளத்தைப் பார்த்தார், மலை உச்சியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“அப்ப அந்த நேர்ச்சை?”

“என்னோடதுதாங்க்கா. நேர்ச்சையெல்லாம் இல்ல. ஒளிச்சு வச்சிருந்தேன்.”

“இம்புட்டும் ஒன்னோடதா? ஜெனிஷாவோடது இல்லையா?”

“இல்லக்கா. என்னோடது.”

“ஒனக்கு எம்புட்டு வயசு தம்பி?”

“நாப்பத்தெட்டு.”

அக்கா சேற்று பூதத்தை எடுத்து முதுகைத் தடவினார். “நெசமான பாசி மாதிரியே இருக்கே. இத ஏன்டா இம்புட்டு நாளா வீட்டுக்குள்ள பூட்டி வச்ச? குடுத்திருந்தா வருசாவருசம் பங்குக் குடில் போட்டில அந்த ரயில்வே காலனிக்காரனுக கிட்டத் தோத்திருக்க மாட்டோம்ல!”

எங்கே நிறுத்துவது என்பதில் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் மூன்று ராஜாக்களுக்குப் பின்னால், மலையிலிருந்து கொட்டகைக்கு இறங்கும் பாதையில் வரிசையாக நிறுத்தினார்கள். லூர்துராஜ் மணலில் மண்டியிட்டு, ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி வைத்தார். கல்குண்டன் ஒரு ஆட்டுக்கு வழிவிட்டான். ஹெச்.எம். கழுதைக்கு அருகில் நின்றார். உச்சியில் ராணி கடைசியாகப் புறப்படுகிறவளைப் போல இருந்தாள். எழுந்து பின்னால் நகர்ந்து பார்த்தார். பன்னிரண்டு.

மாலை ஆறு மணிக்குக் குடிலை மந்திரிக்கப் பங்குச் சாமி வந்தார். தீர்த்தச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“இதுக எல்லாம் யாரப் பாக்கப் போகுது?”

“பாலனத்தான் சாமி,” என்றார் அருளாயி அக்கா.

“அப்பச் சரி.” தீர்த்தம் தெளித்தார். பிறகு லூர்துராஜ் பக்கம் திரும்பி, “இந்த ரெட்டைத் தலைக்காரன் பேரென்ன?” என்றார்.

“ஆடிட்...” என்று ஆரம்பித்து, “தவளை சாமி,” என்று முடித்தார் லூர்துராஜ். ஆனிமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இருபத்தேழாம் தேதி காலை, கிரிதர் போட்ட தனி மேசை காலியாகவே இருந்தது. பதினான்கு பேர் இரண்டு கார்களிலும் ஒரு ஷேர் ஆட்டோவிலும் வில்லாபுரம் வந்து இறங்கினார்கள். நெல்லையிலிருந்து வந்தவர் ஓய்வு பெற்ற தாசில்தார். பொம்மையின் கண்மட்டத்துக்குப் படம் எடுக்க வேண்டும் என்பதால் எல்லோரும் குடிலுக்கு முன் முழங்காலில் நின்றார்கள். கிரிதர் பாக்கெட்டிலிருந்து பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து, ராணியின் வாய்க்குள் நீட்டினான்.

“அண்ணே, உள்வரிசைப் பல்லும் இருக்குண்ணே! கடவாப்பல்லு கூட!”

“சொத்தை இருக்கா பாருங்க தம்பி,” என்றாள் ஆனிமேரி, முறுக்குத் தட்டோடு.

எதிர்வீட்டு வாசலில் நின்ற ஒரு பாட்டி அருளாயி அக்காவிடம், “இந்துப் பிள்ளைக போலத் தெரியுது. என்னா பக்தி பாரு. அரைமணி நேரமா முட்டி போட்டிருக்குதுக,” என்றார்.

அக்கா ஆமாம் என்று தலையாட்டினார்.

மறுநாள் ஞாயிறு பூசைக்குப் பிறகு போட்டி முடிவு வாசிக்கப்பட்டது. ரயில்வே காலனிக்கு முதல் பரிசு. லூர்துராஜின் அன்பியத்துக்கு இரண்டாவது. பத்து வருடத்தில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே பரிசு இதுதான். பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் வந்தது.

ஜனவரி ஆறாம் தேதி மாலை குடிலைப் பிரித்தார்கள். பன்னிரண்டு உருவங்களும் கண்ணாடி அலமாரிக்குத் திரும்பின. அடித்தட்டில் ஆனிமேரியின் ஆறு டம்ளர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. குடில் சாமான் பெட்டி அருளாயி அக்கா வீட்டுக்குப் போனது.