பத்துச் சொற்கள்

ஆட்டப் பருவம் முடிந்து ஒன்பதாம் நாள் வேரோனிக்காவுக்குக் கழக அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆண்டறிக்கைக்கு வீரர்களின் உடல்நலம் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். அவள் அந்த ரொறன்ரோ ரக்பி கழகத்தின் பிசியோ, வீரர்களின் காயங்களைக் கவனிப்பவள். பதினாறு ஆட்டங்களில் ஏழு வெற்றி, எட்டுத் தோல்வி, ஒரு சமநிலை. கழகத் தலைவர் தன் வரைவில் அதை "ஏற்ற இறக்கமான பருவம்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டு, இளையோர் அணியிலிருந்து முதல் அணிக்கு வந்த ஐந்து பேரைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தார். அவர்களில் எவரும் காயத்தால் ஒரு வாரத்துக்கு மேல் வெளியே இருக்கவில்லையாம்.

அந்த வரியை அவள் மறுபடியும் வாசித்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அனுபவமுள்ளவர்களே ஒவ்வொருவராகக் காயப்பட்டுப் போனார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பொடியன்களுக்கு மட்டும் எப்படி ஒன்றும் ஆகவில்லை?

கோப்புகளைத் திறந்தாள். ஜனவரியில் எல்லா வீரர்களுக்கும் அவளே ஒரு சோதனை நடத்தியிருந்தாள். பத்துச் சொற்களை வாசிப்பாள். சில நிமிடங்கள் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு ஆட்டத்தில் யாருக்காவது தலையில் அடிபட்டால் அதே மாதிரிச் சோதனை மறுபடியும் நடக்கும். ஜனவரிக் கணக்கைவிடக் குறைந்தால் விளையாட முடியாது.

மூத்த வீரர்கள் ஏழு, எட்டு என்று சொல்லியிருந்தார்கள். இளையவர் ஐந்து பேரும் மூன்று அல்லது நான்கு. ஐந்து பேரும்.

நாற்பது உத்திகளின் இரகசியப் பெயர்களை மனப்பாடமாக வைத்திருக்கும் பிள்ளைகள் அவர்கள். இரண்டு நாளில் நாற்பத்திரண்டு பேரைச் சோதித்த அவசரத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை. முதலிலேயே குறைத்துச் சொன்னவனுக்கு, அடிபட்ட பிறகும் கணக்கு குறையாது. இதை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

இளையோர் பயிற்சியாளர் ஜூலியனின் முகம்தான் முதலில் வந்தது. அவளுக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவரும் அவர்தான். அவரைச் சந்தேகிக்கும் நினைப்பே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அது போகவில்லை.

வியாழன் காலை ஐவரையும் பருவமுடிவுப் பரிசோதனைக்கு அழைத்தாள். வழக்கமாக எடைபார்த்து, முழங்கால் பார்த்து அனுப்பிவிடுவது. இந்த முறை பத்துப் புதிய சொற்களும் இருந்தன. இந்தப் பருவத்தில் இனி ஆட்டம் இல்லை, கணக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லியே வாசித்தாள். முதல் நான்கு பேரில் மூவர் எட்டு, ஒன்பது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஒருவன் பத்தையும் சொன்னான்.

கடைசியாகக் கீதன் வந்தான். நகரின் மில்லிக்கன் பகுதியில் வளர்ந்தவன், அணியில் மிக வேகமானவன். ஜூனில் ஒரு தடுப்பாட்டத்தில் அவன் தலை எதிராளியின் முழங்காலில் மோதியது. மறுநாட் சோதனையில் மூன்று சொற்கள் சொன்னான். ஜனவரியிலும் மூன்று. ஆகவே அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவளே கையெழுத்திட்டு அனுப்பியிருந்தாள்.

"தொப்பி, பால்..." என்றான் கீதன். சுவரைப் பார்த்தான். "ஏணி." பிறகு ஒன்றும் வரவில்லை.

"கீதன், இண்டைக்கு வேணுமெண்டு சொல்லாமல் விடுறீரோ?"

"இல்லை அக்கா." அவன் குரல் தணிந்தது. "ஜனவரியில தான் வேணுமெண்டு விட்டனான். இண்டைக்கு உண்மையா ட்ரை பண்ணினனான்."

அவள் ஜூன் மாதத்துக் கோப்பை மறுபடியும் திறந்தாள்.

"தலை இடிக்குதோ?"

"வெளிச்சம் பட்டா. கார் ஓடுறதை விட்டிட்டன்."

"ஆர் உமக்குப் பிழையாச் சொல்லச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல," என்றான். சொல்லும்போது கதவைப் பார்த்தான்.

அவனைக் கையோடு கழக மருத்துவரிடம் கூட்டிச் சென்றுவிட்டு, ஜூலியனைத் தேடிப் போனாள். அவர் மைதானத்தின் ஓரத்தில் பந்துகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஜூலியன் அண்ணை, அந்தச் சோதனையில குறைச்சுச் சொல்லச் சொல்லிப் பெடியளுக்குச் சொன்னனீங்களோ?"

"நான் அப்பிடி ஒரு சொல்லும் சொல்லேல்ல," என்றார் உடனேயே. கேள்விக்குக் காத்திருந்தவர் போல அவ்வளவு உடனே.

அவள் நகரவில்லை. அவர் இன்னும் இரண்டு பந்துகளைப் போட்டார்.

"அவங்கள் வந்து கேட்டாங்கள். குறைச்சுச் சொன்னா என்ன எண்டு. பகிடியா எண்டு நினைச்சு நான் சிரிச்சனான். அவ்வளவுதான் வேரோனிக்கா."

"சிரிச்சாப் போதும் அண்ணை. நீங்கள் தானே அவங்களுக்கு ஒப்பந்தம் எடுத்துக் குடுக்கிறனீங்கள்."

"முதல் அணியில ஆளில்லாம நாலு ஆட்டம் தோத்தம். ஆரை இறக்குறது? நீரும் தானே கையெழுத்து வைச்சனீர்?"

அது உண்மை.

அன்று பின்னேரம் அவள் கீதனின் வீட்டுக்குப் போனாள். தாய் இராஜேஸ்வரி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேரோனிக்கா சொன்னதையெல்லாம் கேட்டார். அடியில் மூளை அதிர்ந்திருக்கிறது, நிபுணரைப் பார்க்க வேண்டும், கொஞ்சக் காலம் விளையாட்டே கூடாது, ஓய்வு எடுத்தால் பெரும்பாலும் குணமாகும் என்று மருத்துவர் சொன்னதையும்.

"ஜூன் மாசம் நீர் தானே இவனைப் பாத்தனீர்?"

"ஓம் அன்ரி."

"அப்ப இவன்ர முகத்தைப் பாக்கேல்லையோ? வீட்டில சாப்பிடேக்க கோப்பையைப் பிடிக்க மாட்டாமல் இருந்தவன். நான் கேட்டா, கிளப்பில பாத்து ஓகே சொல்லிட்டினம் எண்டவன்."

"நான் கணக்கைப் பாத்தனான் அன்ரி. ஆளைப் பாக்கேல்ல."

இராஜேஸ்வரி அதற்கு மேல் திட்டவில்லை. "இனி உங்கட கிளப் சொல்லுற ஒண்டையும் நான் நம்ப மாட்டன்," என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவே ஐந்து பேரின் இரு பரிசோதனை முடிவுகளையும் ஜூனில் தான் கையெழுத்திட்ட அனுமதியையும் சேர்த்து வேரோனிக்கா நிர்வாகக் குழுவுக்கு அனுப்பினாள். உடல்நலப் பக்கத்தை எழுத மறுத்தாள். அறிக்கை அந்தப் பக்கம் இல்லாமலே வெளிவந்தது. இளையோர் பற்றிய பந்தி மட்டும் பத்திரமாக இருந்தது. ஜூலியனைப் பற்றிய விசாரணை மூன்று கிழமை நடந்தது. சிரித்தது குற்றமா என்று யாராலும் முடிவுசெய்ய முடியவில்லை. அவர் வேலையில் தொடர்ந்தார். இனிமேல் ஜனவரிச் சோதனையை வெளி மருத்துவர் ஒருவர் நடத்துவார் என்பது மட்டும் முடிவானது.

நவம்பர் வந்தபோது கீதன் பக்கத்து நகரான ஒஷாவாவில் ஒரு கல்லூரியில் சேர்ந்திருந்தான். தலையிடி குறைந்துவிட்டது, ஆனால் விளையாட மருத்துவர் இன்னும் விடவில்லை என்று வேரோனிக்காவுக்கு எழுதினான். கடைசிச் சோதனையில் ஏழு சொற்கள் சொன்னானாம்.

அவளுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனாலும் பதில் எழுதாமல் அவனுடைய எண்ணை அழைத்தாள். அவன் பேசுவதைக் கேட்க வேண்டும் போலிருந்தது.