வெறுங்கால் படகு

எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில் கடல் இருக்கிறது. மதுரையில் மற்ற மாடிகளில் தண்ணீர்த் தொட்டியும் டிஷ் ஆண்டெனாவும்தான் இருக்கும். எங்களுக்கு அவற்றைத் தாண்டியதும் கடல் ஆரம்பித்துவிடும். காலையில் தொட்டி வரைக்கும் அலை வரும், மாலையில் துணிக்கொடி வரைக்கும். கடைசித் தளத்தில் இருப்பவர்கள் கூரை ஒழுகுகிறது என்று சங்கக் கூட்டத்தில் புகார் சொல்வார்கள். மற்றபடி அதனால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

என் மனைவி குணவதி அந்தக் கடலின் மறுகரையில் இருந்தாள். காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனவள், துணி அலசுகிற பெரிய அண்டாவில் ஏறி உட்கார்ந்து, துணிகளோடு போய்விட்டாள். அவசரத்தில் போனதாகச் சொல்ல முடியாது. குழம்பைச் சூடு பண்ணி மூடி வைத்திருந்தாள். மாடிக் கதவுக்கு வெளியே செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தாள். போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள்.

"அண்டாவுல ஒரு தடவை வந்தாச்சு. திரும்ப வர்றதுன்னா நீங்க எடுத்த படகுலதான் வருவேன். என்னைக் கேட்டு எடுத்தீங்கன்னா ஏற மாட்டேன்."

"சின்னதா, பெருசா?" என்று கேட்டேன்.

போனை வைத்துவிட்டாள்.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் எதையும் தேர்ந்தெடுத்தது கிடையாது. சட்டை, பனியன், ஓட்டலில் இட்லியா தோசையா, எல்லாம் அவள்தான். கண் டாக்டர் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டபோது, நான் திரும்பிக் குணவதியைப் பார்த்தேன். மறுநாள்தான் அண்டாவில் ஏறினாள்.

அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. தலையை அடகு வைத்தாவது ஒரு பாய்ப்படகு எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் அது முதல் முடிவு. எடுத்ததும் நன்றாகப் பசித்தது.

முதலில் சங்கச் செயலாளர் சௌந்திரபாண்டியனிடம் அனுமதி கேட்கப் போனேன். அவர் மாடியில் வத்தல் காயப்போட்டுவிட்டு, பக்கத்தில் வந்த அலைகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"படகு தாராளமாக் கொண்டாங்க. ஆனா செருப்போட மாடிக்கு வரக் கூடாது. அது சங்க விதி."

"நான் வெறுங்காலோடதான் வருவேன்."

"உங்களைச் சொல்லலை, படகைச் சொல்றேன். ஆழ்கடலுக்குப் போற படகுக்கு அடியில நீளமா, கனமா ஒரு கட்டை இருக்கும்ல? தரையில படுறது அதுதானே? அப்ப அது செருப்புதான். கதவுக்கு வெளியில கழட்டிப் போட்டுட்டு வரச் சொல்லுங்க." பிறகு அன்பாகவே சொன்னார்: "ஆழம் தெரியாமக் காலை விட்றாதீங்க."

அவர் சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை. விதி எல்லாருக்கும் பொதுதான்.

படகுக் கடை கீழவெளி வீதியில், பெயின்ட் கடைக்கு அடுத்து இருந்தது. கடைக்காரர் லூர்தம்மாள் தூத்துக்குடிப் பக்கம். முதல் படகா என்று கேட்டார். ஆமாம் என்றதும் கடையிலேயே பெரிய படகுக்கு அழைத்துப் போனார். உள்ளே இரண்டு அறை, சமையலறை, ஃபிரிட்ஜ்.

"உலகத்தையே சுத்தலாம் அண்ணாச்சி. முதல்லயே பெருசா எடுத்துட்டா மாத்துற வேலை இல்ல பாருங்க."

பாயை ஏற்றும் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். கயிறு என்னை இழுத்தது. நடுக்கடலில் என்னோடு சேர்ந்து பிடிக்க ஆள் இருக்காது. வேண்டாம் என்று இறங்கிவிட்டேன்.

அடுத்தது ஒல்லியாக, கத்திபோல இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறுகரையில் நிற்கலாம் என்றார். உள்ளே படுத்துப் பார்த்தேன். ஒருவர்தான் படுக்கலாம், அதுவும் ஒருக்களித்து. நான் போவதற்குப் படகு தேடவில்லை. இரண்டு பேராகத் திரும்பி வருவதற்குத் தேடினேன்.

மூலையில் ஒன்று பூசணிக்காய்போலக் குட்டையாக உட்கார்ந்திருந்தது. இரண்டு படுக்கைப் பலகை, ஒரு அடுப்பு, குடிதண்ணீருக்குத் தொட்டி. கயிறுகள் எல்லாம் உட்காருகிற இடத்துக்கே வந்தன. இழுத்தேன். பாய் மறுபேச்சில்லாமல் ஏறியது.

"அது மெதுவாப் போகுமே அண்ணாச்சி."

"போகட்டும். அடிக்கட்டை கழலுமா?"

"கழட்டலாம். கழட்டுனா படகு நேராப் போகாது. நண்டு மாதிரி பக்கவாட்டுல போகும். பெரிய கடலுக்குப் போறவுக யாரும் கழட்ட மாட்டாக."

"எங்க மாடியில கழட்டணும்."

"அப்பச் சரி," என்றார்.

அதே படகு மஞ்சளிலும் நீலத்திலும் இருந்தது. எது வேண்டும் என்று கேட்டார். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் போனை எடுத்துவிட்டது. குணவதியின் எண்கூடத் திரையில் வந்துவிட்டது. போனை லூர்தம்மாளிடம் கொடுத்து, மேசைக்குள் வைத்துப் பூட்டச் சொன்னேன். எனக்கு வியர்த்துக் கொட்டியது. லூர்தம்மாள் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"மஞ்சள்," என்றேன்.

கடை ஆட்களோடு படகை லிஃப்டில் நிற்க வைத்து மேலே கொண்டுபோனோம். மாடிக் கதவுக்கு வெளியே அடிக்கட்டையைக் கழற்றி, குணவதியின் செருப்புக்குப் பக்கத்தில் சுவரோரமாக வைத்தேன். சௌந்திரபாண்டியன் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

மேற்கேயிருந்து மேல்காற்று வீசியது. குணவதி இருந்தது கிழக்கே, சிவகங்கைப் பக்கம். ஆகவே படகின் மூக்கை வடக்கே, திண்டுக்கல் பக்கம் வைத்தேன். படகு திண்டுக்கல்லைப் பார்த்தபடியே சிவகங்கைப் பக்கம் போனது. ஆண்டெனாக்கள் மறைந்த பிறகு அலை பெரிதானது. அடியில் கனம் இல்லாததால் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நானே எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கனம் கொடுத்தேன். பயமாகத்தான் இருந்தது. திரும்பிவிடலாமா என்று கேட்க ஆள் இல்லாததால் திரும்பவில்லை.

மறுகரையில் குணவதி கொடி கட்டி, துணிகளை மறுபடியும் அலசிக் காயப்போட்டு, மடித்து வைத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. படகை ஒரு சுற்று சுற்றிவந்தாள். பலகையைத் தட்டிப் பார்த்தாள். படுக்கையைக் கையால் அழுத்திப் பார்த்தாள்.

"யாரு எடுத்தா?"

"நான்தான்."

"மஞ்சளா?"

"மஞ்சள்தான்."

"எனக்கு நீலம்தான பிடிக்கும்."

மாற்றி எடுத்து வருகிறேன் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினேன்.

"எனக்கு மஞ்சள் பிடிச்சிருந்தது," என்றேன்.

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மடித்த துணிகளை எடுத்துப் படகுக்குள் வைத்தாள்.

"தள்ளி உக்காருங்க," என்று ஏறிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

கீழ்காற்று திரும்பும்வரை காத்திருந்து கிளம்பினோம். படகின் மூக்கைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. திண்டுக்கல்லைப் பார்த்தபடியே வீடு வந்து சேர்ந்தோம்.

மாடிக் கதவுக்கு வெளியே குணவதியின் செருப்பு வைத்த இடத்தில் இருந்தது. படகின் அடிக்கட்டையைக் காணோம். கோயிலானாலும் கல்யாண மண்டபமானாலும் எங்கள் ஊரில் நடக்கிறதுதான். யாரோ தங்களுடையதை விட்டுவிட்டு எங்களுடையதைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன இரும்பு அடிக்கட்டை துருப்பிடித்து, சிப்பி ஒட்டி, மாடிக் கதவிலிருந்து படிக்கட்டு வழியாக இரண்டு தளம் கீழே வரை கிடந்தது.

"செருப்புக்காகக் காலை வெட்ட முடியுமா?" என்றேன்.

குணவதி தன் செருப்பை மாட்டிக்கொண்டு, அதன் ஓரமாகவே இறங்கி, கடைசி வரை போய்ப் பார்த்துவிட்டு ஏறி வந்தாள்.

"எதுக்கு வெட்டணும்? இதுக்கு ஏத்த கப்பலா ஒண்ணு எடுத்துருவோம்." பிறகு என்னைக் கேட்டாள்: "என்ன கலர் எடுக்கலாம்?"

"பச்சை," என்றேன்.

கப்பல் லிஃப்டுக்குள் நிற்குமா என்று பார்க்க இரண்டு பேரும் கீழே இறங்கினோம்.