லம்யாய் அம்மா தேர்ந்தெடுத்த படம்

கணினிக்குப் புது இயங்குதளம் ஏற்றுவதற்கு 'மேம்படுத்தல்' என்று பெயர் வைத்தவன் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். தாய்லாந்தில், நக்கோன் சவான் ஊர்ச் சந்தைக்கு எதிரே படம் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கடையில் இரண்டு கணினிகள், இரண்டும் கிழடு, இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கும். பழசுக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது என்று கம்பெனிக்காரன் தினமும் திரையில் பயமுறுத்தினான். போய்த் தொலையட்டும் என்று, கணினி பழுது பார்க்கும் பாஸைக் கூப்பிட்டு இரண்டிலும் புதுசை ஏற்றச் சொன்னேன். பாஸ் என்பது அவனை நான் அழைக்கும் மரியாதை இல்லை. அவன் அம்மா வைத்த செல்லப்பெயர்.

அந்த வாரமே மீன்கார லம்யாய் அம்மா செத்துப்போனார். வெள்ளிக்கிழமை காலையில் அவர் மகள் வான்பென் கடைக்கு வந்தாள். ராயோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள். அங்கே தன் அறைக்குப் போய் ஒரு வன்தட்டை எடுத்துக்கொண்டு, ராத்திரி பஸ்ஸில் திரும்பி நேரே என்னிடம் வந்திருந்தாள்.

"ஜியப் அக்கா, அம்மா படம் இதுலதான் இருக்கு. சவப்பெட்டிக்கு முன்னாடி வைக்க எதை வைக்கணும்னு அவங்களே சொல்லி வெச்சிருந்தாங்க. 'ஐடி கார்டு படத்தை மட்டும் வெச்சீங்க, எழுந்து வந்து அடிப்பேன்'னு சொன்னாங்க. இப்போ கோயில்ல அதைத்தான் பெருசு பண்ணி வெச்சிருக்காங்க."

நானும் பார்த்திருந்தேன். அடையாள அட்டைப் படத்தில் யார்தான் மனிதராக இருக்கிறார்கள்? ஆனால் லம்யாய் அம்மா அதில் மீன் திருடிப் பிடிபட்டவர் போல இருந்தார். எங்கள் பக்கம் தகனம் வரை சவப்பெட்டி புத்தர் கோயிலில்தான் இருக்கும். ஒவ்வொரு ராத்திரியும் ஊர் ஜனம் அந்த முகத்துக்கு ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, வெளியே வந்து கஞ்சி குடித்துவிட்டுப் போனது. நாளைக்குத் தகனம். அதோடு எல்லாம் முடிந்தது.

வன்தட்டைச் செருகினேன். விளக்கு எரிந்தது, உள்ளே சுழலும் சத்தமும் கேட்டது. அதற்கென்று ஒரு பூட்டு நிரல் உண்டு. அது திறந்து, கடவுச்சொல் கேட்டபிறகுதான் படங்களைக் காட்டும். நிரல் திறந்தது. 'அனுமதி செல்லாது' என்றது. அவ்வளவுதான். ஏன் செல்லாது, யார் கொடுத்த அனுமதி, ஒன்றும் கிடையாது. நான் என்ன வீசா கேட்டா வந்தேன்?

கம்பியை மாற்றினேன். பின்பக்கத் துளையில் செருகினேன். அடுத்த கணினியில் செருகினேன். அங்கேயும் அதே திமிர். வன்தட்டுக் கம்பெனியின் தளத்தில் புது நிரலாவது எடுக்கலாம் என்றால் அந்தத் தளமும் 'பாதுகாப்பற்றது' என்று திறக்க மறுத்தது. வேறு சில தளங்களும் அப்படியே. பாஸுக்குப் போன் போட்டேன். வாயில் ஐஸ் காபிக் குழாயோடு வந்து சேர்ந்தான்.

"இது பழைய பூட்டு அக்கா. புது இயங்குதளத்துக்கு ஒத்து வராது."

"சரி, வலைத்தளம் ஏன் திறக்கல?"

"அது உங்க இன்டர்நெட் பொட்டியோட கோளாறு. அது வேற, இது வேற."

அவனுடைய மடிக்கணினியிலும் போட்டுப் பார்த்தான். அது வேறு இனம்; அந்தப் பூட்டு நிரல் அதில் ஓடவே ஓடாது. பிறகு, எனக்குத் தெரியும், அந்த வார்த்தைதான் வரப்போகிறது.

"ஃபார்மட் பண்ணிடலாமா அக்கா? வன்தட்டு புதுசு மாதிரி ஆயிடும்."

"உள்ளே இருக்குறது?"

"அது போயிடும்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "எடுடா கையை! தலைவலின்னு வந்தவன் தலையை வெட்டிட்டு, புதுசு மாதிரி இருக்குன்னு சொல்லுவியா? உனக்கெல்லாம் எவன்டா தொழில் கத்துக்கொடுத்தான்?"

பாஸ் குழாயைக் கடித்துக்கொண்டு நின்றான். வான்பென் வன்தட்டின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். "விடுங்கக்கா, ஐடி கார்டு படமே இருக்கட்டும்" என்றாள். அந்தக் குரல் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. இவள் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? ஏற்றச் சொன்னவள் நான், ஏற்றியவன் அவன், அவமானம் செத்தவருக்கா?

படம் எப்படியும் கிடைக்கும் என்று வீம்புக்குப் படச்சட்டத்தின் அடியில் வரும் பெயர்ப் பட்டையை அடிக்க உட்கார்ந்தேன். பெயர், பிறப்பு, இறப்பு, தகன நாள். நாளைச் சரிபார்க்கத் திரையின் மூலையில் தேதியைத் தட்டினேன். நாள்காட்டி விரிந்தது.

"வான்பென், சனிக்கிழமைன்னு சொன்னியே. ஏழாம் தேதி புதன்னு இருக்கு. தேதியையாவது ஒழுங்கா கேட்டுட்டு வரக் கூடாதாம்மா?"

"என்னக்கா பேசுறீங்க? இன்னைக்கு வெள்ளி. வெள்ளிக்கிழமை எரிக்கக் கூடாதுன்னுதானே நாளைக்கு வெச்சிருக்காங்க?"

"அப்போ கணினி பொய் சொல்லுதா?"

"அது காலையிலேருந்து பொய்தானே சொல்லுது!"

நாள்காட்டியின் தலைப்பைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

"பாஸ், இது என்ன வருஷம்?"

"அறுபத்தேழு அக்கா."

"எந்த அறுபத்தேழு?"

எங்கள் புத்த ஆண்டுக் கணக்கில் இது 2567. வாயில் சொல்வதும் பில்லில் எழுதுவதும் வெறும் அறுபத்தேழு. வெளிநாட்டுக் கணக்கில் 2024. புது இயங்குதளம் வந்ததும் எங்கள் கணக்கைத் தூக்கிவிட்டு 24 என்று காட்டியிருக்கிறது. பாஸ் அதைத் தப்பு என்று நினைத்து, தானாகச் சரியாகும் வசதியை அணைத்துவிட்டு, இரண்டு கணினியிலும் தன் கையால் 67 என்று அடித்திருக்கிறான். கணினி அதை 2067 என்று எடுத்துக்கொண்டது. மூலையில் தெரிந்தது '67' மட்டும்தான். அது எங்கள் எல்லோர் கண்ணுக்கும் சரியாகவே பட்டது.

நாற்பத்து மூன்று வருஷம் கழித்து வந்து நின்றால் எந்த அனுமதிதான் செல்லும்? எந்தத் தளம்தான் கதவைத் திறக்கும்?

"அடப்பாவி! அந்த வருஷத்துல நான் சாம்பலாயிருப்பேன்டா!"

"நானே கிழவனாயிருப்பேன் அக்கா" என்றான் பாஸ், சிரிக்காமல். அவசரமாக வருஷத்தை மாற்றினான்.

வன்தட்டைக் கழற்றி மறுபடி செருகினேன். பூட்டு நிரல் கடவுச்சொல் கேட்டது. வான்பென் அடித்தாள். படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

"நல்லவேளை, நான் ஃபார்மட் பண்ணல" என்றான் பாஸ். கையில் இருந்த அட்டையால் அவன் முதுகில் ஒன்று போட்டேன்.

லம்யாய் அம்மா தேர்ந்தெடுத்த படத்தில் ரப்பர் செருப்பும் ஈரப் பாவாடையுமாகச் சந்தை நடுவில் நிற்கிறார். இரண்டு கையிலும் ஒரு பெரிய கெளுத்தி மீன். அது நழுவப் பார்க்கிறது. தங்கப்பல் தெரிய, கண் மூடி, வாய்விட்டுச் சிரிக்கிறார்.

மறுநாள் தகன மேடையைச் சுற்றிச் சவப்பெட்டிக்கு முன்னால் அந்தப் படத்தை வான்பென் நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தாள். முதல் சுற்றில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பக்கத்து மீன்கடை சேங் அத்தையும் சிரித்தார். "பாரு, அந்த மீனை என் தலையிலதான் கட்டினா!" என்று சத்தமாகச் சொன்னார்.

இத்தனை ராத்திரியும் அந்த அட்டை முகத்தைக் கும்பிட்டு, கண் கலங்காமல் கஞ்சி குடித்துவிட்டுப் போன மனுஷி அவர். இரண்டாம் சுற்றில் படம் எதிரே வந்தபோது சிதையில் வைக்கக் கொடுத்த சந்தனப் பூவைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். "லம்யாய் போயிட்டாளா?" என்று, அப்போதுதான் தெரிந்தவர் போலக் கேட்டார். பிறகு எல்லோரும் அழுதோம்.