பின்சக்கரத்துப் புகை

என் மனைவி மகளுக்குப் பிரசவம் பார்க்கத்தான் போனாள். குழந்தை குப்புற விழுந்ததும் வந்துவிடுகிறேன் என்றாள். விழுந்தது. நடக்கட்டும் என்றாள். நடந்தது. இப்போது அது பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்குகிறது; இவளை இன்னும் காணோம்.

அவள் இல்லாத வீட்டில் ஓர் எதிரொலி வந்து குடியேறிவிட்டது. நான் “சாப்பிட்டியா?” என்று கேட்டால் அதுவும் “சாப்பிட்டியா?” என்றுதான் கேட்கும். யாரும் பதில் சொல்லாமல் இரண்டு பேரும் பட்டினியாகப் படுத்துக்கொள்வோம். அவள் தலையணையை நான் தொடுவதில்லை. அதுவாகவே இரவில் என் பக்கம் நகர்ந்து வந்துவிடும். காலையில் மரியாதையாகத் திருப்பி வைத்துவிடுவேன்.

“நீங்களும் எங்ககூட வந்து இருங்க மாமா” என்று மாப்பிள்ளை கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் மகள் வீட்டில் போய் உட்காரும் மாமனார் முதல் வாரம் விருந்தாளி. அடுத்த வாரம் நாற்காலி. அதற்கடுத்த வாரம் அந்த நாற்காலியை எந்த மூலைக்கு நகர்த்தலாம் என்று பேச்சு வரும். எனக்கு வீம்பு அதிகம். பஸ் ஓட்டியவன் அல்லவா? ஒருமுறை மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போக, பயணிகள் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லி வண்டியை நிறுத்தியிருக்கிறேன். நம்பாதவர்கள் அன்றைய கண்டக்டரைக் கேட்கலாம். அவர் செத்துப்போய்விட்டார், ஆனாலும் பொய் சொல்லமாட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் காரில் அவள் வந்தாள். மகள் மறுபடி முழுகாமல் இருக்கிறாளாம்; தொட்டிலும் பழைய பாத்திரங்களும் வேண்டுமாம். வந்தவள் உட்காரவில்லை. அடுப்பைத் தேய்த்தாள், ஜன்னல் துடைத்தாள், என் சட்டைப் பொத்தானைத் தைத்தாள், சட்டைக்குள் நான் இருக்கும்போதே. ‘இரு’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து வாயில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கார் கிளம்பும்போது வாயைத் திறந்தேன். “டயர்ல காத்து இருக்கா?” என்று வந்தது.

“இருக்கு மாமா” என்றார் மாப்பிள்ளை. பின் இருக்கை முழுக்கத் தொட்டிலும் மூட்டையும். அவள் முன்னால், அவர் பக்கத்தில். போய்விட்டார்கள்.

நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, அவள் தண்ணீர் குடித்த தம்ளரைக் கழுவலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது.

“மாமா, பின்சக்கரத்துல புகை வருது! கர்ருன்னு சத்தம் வேற. பாலத்துக்கிட்ட நிக்கிறோம். தண்ணி ஊத்தட்டுமா?”

“ஊத்தாதீங்க. சூட்டுல விரிசல் விட்டுடும். வண்டியைத் தொடாதீங்க, வர்றேன்.”

வீட்டைப் பூட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். என் வயதில் அவ்வளவு வேகம் கூடாது. வழியில் ஒரு பஸ்ஸை முந்தினேன். அது நின்றுகொண்டிருந்தது, அது வேறு விஷயம்.

பாலத்தடியில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் ஏற்கெனவே குனிந்து பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டார். “பேரிங் போச்சு பெரியவரே. கழட்டிப் போடணும்.”

“இருக்கலாம்” என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையைக் கேட்டேன்: “வளைவுல திரும்பும்போது சத்தம் மாறுச்சா?”

“இல்ல மாமா. ஒரே மாதிரிதான். வண்டிதான் இழுக்கவே மாட்டேங்குது. மிதிக்க மிதிக்க யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்குற மாதிரி.”

புறங்கையைச் சக்கரத்தருகே கொண்டுபோனேன். இடது பின்சக்கரம் அனலாகக் கொதித்தது. வலது பின்சக்கரமும் சூடுதான், கொஞ்சம் குறைச்சல். முன்சக்கரங்கள் இரண்டும் சாதாரணமாக இருந்தன. வாசனை நன்றாகத் தெரிந்த வாசனை: பிரேக் கட்டை கருகும் வாசனை. வளைவில் சத்தம் மாறவில்லை, பின்னால் இரண்டும் ஒன்றாகக் காய்கிறது என்றால் பேரிங் இல்லை.

“உள்ள சிவப்பு விளக்கு ஏதாவது எரிஞ்சுதா?”

“அது எப்பவும் சும்மாவே எரியும் மாமா. கண்டுக்கிறதில்ல.”

முன்கதவைத் திறந்தேன். என் மனைவி மடியில் பையை வைத்துக்கொண்டு, கோவிலில் உட்கார்ந்திருப்பதுபோல நேராக உட்கார்ந்திருந்தாள். அவள் முந்தானை இரண்டு இருக்கைக்கும் நடுவே வழிந்து கிடந்தது. அதைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் கைபிரேக், பாதி மேலே ஏறி நின்றது. அதன் தலையில் அவள் கை.

மாப்பிள்ளை பின்னால் பஞ்சர்காரருடன் பேசிக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்தினேன்.

“நீயா?”

“பிடிமானத்துக்குப் பிடிச்சேன்.”

“பிடிமானம் மேல ஏறுமா?”

“அவர் வேகமா ஓட்டினாரு. மெதுவாப் போங்கன்னு மாப்பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது? கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கினேன்.”

உண்மைதான். மாப்பிள்ளையிடம் அவள் நேராகப் பேசவே மாட்டாள். பேச வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வாள். காருக்குள் சுவர் இல்லை.

“எங்க இருந்து தூக்கின?”

பையின் வாரைச் சுற்றினாள், பிரித்தாள்.

“கேக்குறேன்ல?”

“நம்ம தெரு முனையில.”

“தெரு முனையில எல்லாரும் நடக்குற வேகத்துலதானே போவாங்க?”

“வயசானா வாய் மட்டும் குறையவே குறையாதா உங்களுக்கு?” என்றாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “நீங்க வாசல்லயே நின்னுட்டு இருந்தீங்க. கண்ணாடியில தெரிஞ்சுது.”

அவள் கையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் வைத்தபடியே இருந்தேன். பிறகு பொத்தானை அமுக்கி கைபிரேக்கைக் கீழே இறக்கினேன்.

“என்ன மாமா, தெரிஞ்சுதா?” மாப்பிள்ளை வந்துவிட்டார்.

“தெரிஞ்சுது. கைபிரேக் கேபிள். பழசாச்சுன்னா தானா இறுகிக்கும். நல்ல குடும்பத்துக் கேபிள், வாய் திறந்து சொல்லாது.”

பஞ்சர்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சூடு ஆறும்வரை அவர் கடை நிழலில் நின்றோம். அப்புறம் நானும் அவரும் சேர்ந்து வண்டியைத் தள்ளினோம். சத்தமில்லாமல் உருண்டது. அவருக்கு முகம் விழுந்துவிட்டது, எனக்கும்தான். இனி இது தடையில்லாமல் போகும்.

“வழியில மறுபடி இறுகினா?” என்றார் மாப்பிள்ளை.

“இறுகலாம்” என்றேன். வாயில் காலையிலிருந்து வைத்திருந்த ‘இரு’ என்ற வார்த்தை, இந்த வயதில் என் வாய்க்குப் பெரியது என்று தெரிந்துவிட்டது. “கூட உக்காந்து காது கொடுத்துக் கேட்டாத்தான் சொல்ல முடியும். நானும் வர்றேன்.”

“எதுவரைக்கும் மாமா?”

“சத்தம் நிக்கிறவரைக்கும்.”

“இப்ப சத்தமே இல்லையே.”

“அதான் கவலையா இருக்கு.”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கைபிரேக்கைப் பார்த்தார். முட்டாள் இல்லை அவர். பின்கதவைத் திறந்து தொட்டிலை ஓரமாகச் சாய்த்து, ஓர் ஆள் உட்கார இடம் பண்ணினார். என் மனைவி இறங்கிப் பின்னால் போய் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்தாள்.

“மாத்துத் துணி?” என்றாள்.

“பொத்தான் தச்ச சட்டை போட்டிருக்கேன்.”

சைக்கிளைப் பஞ்சர்காரர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் முன்னால் ஏறினேன். கார் பாலம் ஏறி இறங்கி, பெரிய ரோட்டில் வேகம் பிடித்தது. பின்னாலிருந்து ஒரு விரல் என் தோளைத் தட்டியது.

“ஏங்க, கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்க.”

“மாப்பிள்ளை, மெதுவாப் போகணுமாம்” என்றேன்.

விரல் தோளிலேயே இருந்தது.