மாதா குழி

1871 மே மாதம் இரண்டாம் தேதி, ஆற்றுக்கு மேலே இருந்த செம்மண் சரிவில் செங்கல்லுக்கு மண் வெட்டியவர்கள், ஒரு முழ உயர மாதா சுரூபத்தைக் கண்டெடுத்தார்கள்.

அந்த இடத்திலேயே கோயில் எழும்பியது. சுரூபம் கிடைத்த குழியைப் பீடத்தின் பின்சுவரை ஒட்டி அப்படியே விட்டுவைத்தார்கள். வருகிறவர்கள் அதிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய் நோயாளியின் நெற்றியில் பூசினார்கள். எவ்வளவு எடுத்தாலும் குழி ஆழமாகவில்லை. அதையும் மாதாவின் புதுமை, அற்புதம் என்றார்கள்.

காரணம், கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளைகளுக்கு மட்டும் தெரியும். வாரம் ஒருமுறை கதவடைத்த பின் ஒரு சாக்கு ஆற்று மண்ணைக் கொட்டிக் கலந்துவிடுவது, அப்பனிடமிருந்து மகனுக்கு வந்த வேலை. இப்போதைய கோயில்பிள்ளையும் அதைச் செய்துவந்தார், புதிதாக வந்த பங்குச் சாமியார் சாக்கும் கையுமாகப் பிடிக்கும்வரை.

“மாதா பேரைச் சொல்லி ஜனங்களை ஏமாத்துறதா? இனிமே ஒரு கூடைகூட உள்ள வரக் கூடாது.”

“வராட்டி சுவத்துக்கு அடியில என்ன நிக்கும், சாமி?”

“உண்மை நிக்கும்.”

கூட்டம் குறையவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் குழி இடுப்பளவு இறங்கி, சுவருக்கு அடியில் உள்வாங்கியது. கை எட்டாதவர்களுக்கு மண் அள்ளிக் கொடுக்க, கோயில்பிள்ளையின் மனைவி குழிக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். யாரும் தொடாத நேரத்திலும் மண் உதிர்ந்தது. பூசையின் நடுவே எல்லோரும் மௌனமாக இருக்கும்போது அந்தச் சத்தம் முன்வரிசை வரை கேட்டது.

சாப்பிடும்போது கோயில்பிள்ளை சொன்னார்: “நாளையிலேருந்து நீ அங்க உக்கார வேணாம்.”

“ஏன், என் இடத்துக்கு வேற எவளையாவது பாத்து வச்சிருக்கீங்களா?”

“சிரிக்காத. சுவர் விரிசல் விட்டிருக்கு. விரல் உள்ள போகுது.”

“மாதாவே அங்கதான் நிக்கிறா. நம்ம சின்னவ காய்ச்சல்ல கண்ணு சொருகிக் கிடந்தப்ப எந்த மண்ணு அவளைத் தூக்கி நிறுத்துச்சு?”

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். “அது முந்தின நாள் நான் கொட்டின ஆத்து மண்ணு.”

எல்லாவற்றையும் சொன்னார். அவள் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தாள்.

“அப்போ உங்க சாக்குலயும் மாதா இருந்திருக்கா,” என்றாள். “இத்தனை வருஷம் வாயைத் திறக்கலையே, சரியான கல்லுளிமங்கன் நீங்க.”

மறுநாளும் முக்காலியை எடுத்துக்கொண்டு போனாள். அவர் சாமியாரிடம் ஓடினார்.

“சுவரைப் பாக்க இன்ஜினியர் திங்கக்கிழமை வர்றார். அதுவரைக்கும் பொறுத்துக்கங்க.”

“அவ கீழயே உக்காந்திருக்கா, சாமி.”

“நான் சொன்னா கேப்பாங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடியட்டும், சொல்றேன்.”

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து ஜனங்கள் குழிக்கு வரிசை கட்டியபோது பின்சுவர் சரிந்தது. சுரூபம் உடையவில்லை. கோயில்பிள்ளையின் மனைவியைச் சாயங்காலம் வெளியே எடுத்தார்கள், உயிர் இல்லை.

திங்கட்கிழமை இன்ஜினியர் வந்தார். மிச்சச் சுவர் நிற்க வேண்டுமானால் குழியை உடனே நிரப்ப வேண்டும் என்றார். சாமியார் ஆற்று மண்ணுக்குச் சொல்லி அனுப்பினார். கோயில்பிள்ளை அதைக் கொட்டி நிரப்பினார்.