மூன்றாவது மேசை

மூன்றாவது மேசைக்கு மாறி உட்கார்ந்தபோது மணி ஒன்று இருபது.

"இது சரி," என்றான் தம்பி, நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு. "ஏசி நேரா மூஞ்சில அடிக்காது. பாத்ரூம் கதவு தள்ளி இருக்கு. சமையல்கட்டுக் கதவு கண்ணுக்குத் தெரியுது."

"எனக்கு சாப்பாடு கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்டா," என்றாள் அக்கா.

வலது முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்து மேசைக்கு அடியில் நீட்டி வைத்துக்கொண்டாள். முதல் மேசை வாசலுக்குப் பக்கத்தில். ஹோட்டலில் காட்டுகிற முதல் மேசையில் உட்காரவே கூடாதாம், யாரும் விரும்பாத இடத்தைத்தான் முதலில் தள்ளிவிடுவார்களாம். இரண்டாவது மேசை ஆடியது. ஒவ்வொரு முறையும் அவள் நொண்டிக்கொண்டு எழுந்தாள். கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடியோடு இருந்த சர்வர், ஐம்பது வயது மனிதர், இரண்டு தண்ணீர் கிளாசையும் ஏந்திக்கொண்டு ஊர்வலத்தில் சாமிக்குப் பின்னால் வருவதுபோல் பின்னாலேயே வந்தார்.

தம்பி ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் இணைப்பில் ஆறு வருஷமாக எழுதுகிறான். வெளியே போய்ச் சாப்பிடுகிறவர்களுக்கான யோசனைகள். எந்த மேசையில் உட்காருவது, எதைக் கேட்டு வாங்குவது, பாரில் கிளாஸ் துடைக்கிற துணியை ஏன் பார்க்க வேண்டும், பார்சலை ஏன் கடையிலேயே பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வாரம் ஒன்று. அதை வெட்டி பர்சில் வைத்துக்கொள்கிறவர்கள் கூட இருக்கிறார்களாம். அவள் வெட்டி வைத்ததில்லை. அவளுக்கு வெளியே சாப்பிட நேரம் வாய்த்ததும் இல்லை.

இன்றைக்கு வந்தது சாப்பிடவும் அல்ல. வியாழக்கிழமை அவளுக்கு முழங்கால் ஆபரேஷன். ஆறு வாரம் படி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. அந்த ஆறு வாரமும் அப்பா தம்பி வீட்டில் இருக்க வேண்டும். வருகிறேனா இல்லையா என்று ஆஸ்பத்திரிக்கு இன்று இரண்டு மணிக்குள் சொல்லியாக வேண்டும். போன மாசம் ஒரு தடவை தேதி வாங்கி, 'தம்பிகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்' என்று இழுத்து, அந்த இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. இதையும் விட்டால் அடுத்தது மூன்று மாசம் கழித்துத்தான்.

வீட்டில் வைத்துப் பேச முடியாது. டிவி சத்தமே கேட்காத அப்பாவின் காதுக்கு, தன்னைப் பற்றிய பேச்சு மட்டும் இரண்டு சுவர் தாண்டியும் கேட்கும்.

"அப்பா விஷயம்..." என்று ஆரம்பித்தாள்.

"ஒரு நிமிஷம்கா. கை கழுவிட்டு வந்துடறேன். கை கழுவற இடத்தைப் பாத்தா சமையல்கட்டைப் பாத்த மாதிரி."

போனான். நாலு நிமிஷம் ஆனது. அங்கே கையைத்தான் கழுவினானா, சுவரையும் சேர்த்துக் கழுவினானா என்று அவளுக்கு விளங்கவில்லை. ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்தவன் திருப்தியோடு தலையாட்டினான். மெனு அட்டையைத் திறந்தான்.

"படம் போட்டது எதையும் வாங்காதே. எது நிறைய மிஞ்சுதோ அதுக்குத்தான் படம் போடுவாங்க."

"எனக்கு மீன் சொல்லு. ஒரு சூப். அப்பாவை..."

"மீனா? இரு." சர்வரைப் பார்த்தான். "இன்னிக்கு எது சீக்கிரம் தீர்ந்துடும்?"

"எல்லாமே தீர்ந்துடும் சார், நீங்க சீக்கிரம் சொல்லலைன்னா," என்றார் சர்வர்.

அக்காவுக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துவிட்டது.

"மீன் எப்ப வந்தது?"

"காலைல."

"வறுக்கறதுக்குத் தனி எண்ணெயா?"

"தனி எண்ணெய் சார். தனிச் சட்டி. தனி ஆளு."

தம்பி அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. யோசித்தான். அட்டையைப் புரட்டினான். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தான்.

இருபத்திரண்டு வருஷமாக அக்காவுக்கு ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. ஒரு நாளைக்கு அறுபது கைகள். ஊசியைப் பார்த்ததும் பேச ஆரம்பிக்கிற ஒரு ரகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்த நாற்காலி எங்கே வாங்கினது, ஜன்னலுக்கு ஏன் திரை இல்லை, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள். பதில் ஒன்றும் வேண்டாம் அவர்களுக்கு. ஊசி தள்ளிப் போனால் போதும். மலை மாதிரி ஆள் ஒருவர், ஒரு நாள், பஞ்சு எந்தக் கம்பெனி என்று கேட்டார்.

இவனும் பஞ்சு எந்தக் கம்பெனி என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"ரெண்டு மீன், ரெண்டு சூப்," என்று அவளே சர்வரிடம் சொன்னாள். அட்டையைத் தம்பியின் கையிலிருந்து உருவிக் கொடுத்தாள். "எவ்வளவு நேரம் ஆகும்?"

"இப்ப வந்துடும் மேடம்."

அவர் போனதும் தம்பி குனிந்து ரகசியம் போலச் சொன்னான். "இப்ப வந்துடும்னா அடுப்புலயே ஏறலைன்னு அர்த்தம். பத்து நிமிஷம், இருபது நிமிஷம்னு கணக்கு சொன்னா நம்பலாம். நான் எழுதியிருக்கேன்."

"சரி. வியாழக்கிழமை அப்பா உன் வீட்டுக்கு வர்றார். ஆறு வாரம். சரியா, இல்லையா?"

தம்பி தண்ணீர் கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"டேய்."

"கேட்டுட்டுதான்கா இருக்கேன். பண்ணிடலாம். சீக்கிரமே சொல்றேன்."

"சீக்கிரம்னா?"

"சீக்கிரம்தான்."

"அப்ப அடுப்புலயே ஏறலை," என்றாள் அக்கா.

அவன் கிளாசைக் கீழே வைத்தான்.

"வீட்ல அவகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? திடீர்னு போய் நின்னா..."

"உன் பொண்டாட்டிகிட்ட நான் ஞாயித்துக்கிழமையே பேசியாச்சு. கட்டிலை ஜன்னல் பக்கம் போடவா, சுவர் பக்கம் போடவான்னு என்னையே கேட்டா. உன்கிட்டயும் சொன்னாளாமே. நீ பேப்பருக்கு எழுதறேன்னு எழுந்து போயிட்டியாம்."

சூப் வந்தது. தம்பி கரண்டியைத் துடைத்தான். சூப் கிண்ணத்தின் கீழிருந்த தட்டின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து, ஒரு முழுச் சுற்று தேய்த்து, விரலைத் திருப்பிப் பார்த்தான். ஈரம் இருக்கிறதா என்று.

அக்கா கரண்டியைப் பிடித்தபடியே அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள். அதே விரல், அதே சுற்று, கடைசியில் உதட்டை லேசாகப் பிதுக்குவது வரை. தினமும் காலையும் மதியமும் ராத்திரியும் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பார்க்கிறாள்.

"அப்பாவை உனக்கு ஏன்டா பிடிக்கலை?"

"பிடிக்கலைன்னு யார் சொன்னா?" அவன் குரல் ஏறியது. பக்கத்து மேசை திரும்பியது. இறக்கிக்கொண்டான். "போன தடவை நாலு நாள் வந்து இருந்தாரே, ஞாபகம் இருக்கா? காபியை ஒரே காலைல மூணு தடவை திருப்பி அனுப்பினாருக்கா. முதல்ல சூடு பத்தலை. அப்புறம் சூடு அதிகம். அப்புறம் கப்போட காது இடது பக்கம் இருக்குன்னு! நாற்காலியை மாத்துன்னார். ஃபேனுக்குக் கீழ வேண்டாம், ஃபேனை விட்டுத் தள்ளியும் வேண்டாம். தோசைக்கல்லை எதால தேய்க்கறீங்கன்னு அவளைக் கூப்பிட்டு விசாரணை. என்னால உக்காந்து ஒரு வாய் சாப்பிட முடியலை. யாரோட வீட்லயோ சர்வரா இருக்கற மாதிரி..."

பாதியில் நிறுத்தினான்.

மூன்று மேசை மாறியதைப் பற்றியோ, எண்ணெய்ச் சட்டியைப் பற்றியோ எடுத்துச் சொல்ல அக்காவுக்கு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். சர்வரே கொஞ்ச தூரத்தில் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

"நாலு நாள்," என்றாள் கடைசியில். "எனக்குப் பதினோரு வருஷம்."

"உனக்குப் பொறுமை ஜாஸ்திக்கா. உன்கிட்ட அவர் அவ்வளவு பண்ண மாட்டார்."

"பொறுமையா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. "குறை சொல்றதா இருந்தா ரெண்டாவது வாய்க்கு முன்னாடி சொல்லிடணும்னு நீ எழுதலை? பாதித் தட்டைக் காலி பண்ணிட்டு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்னு? அதான்டா ஆச்சு எனக்கு. முதல் வருஷமே சொல்லியிருக்கணும். வாயை மூடிக்கிட்டு முழுத் தட்டும் சாப்பிட்டேன். இப்ப கால் வலிக்குதுன்னா, அக்காவுக்குப் பொறுமை ஜாஸ்திங்கறே."

தம்பி சூப்பைக் கலக்கினான். குடிக்கவில்லை.

மணி ஒன்று நாற்பத்தைந்து. அவள் சர்வரைக் கூப்பிட்டு ஆர்டர் எழுதுகிற சீட்டில் ஒன்று கேட்டாள். அவர் கிழித்துக் கொடுத்து, காதில் செருகியிருந்த பேனாவையும் கொடுத்தார். ரத்தக் குப்பிகளில் பெயர் எழுதிப் பழகிய பொடி எழுத்தில், அவள் நிற்காமல் எழுதிக்கொண்டே போனாள். எழுதி முடித்து சீட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

காபி: ஊற்றி மூணு நிமிஷம் கழிச்சுக் கொடு. காது வலது பக்கம். தட்டு: துடைச்சு, அவர் பாக்கற மாதிரி இன்னொரு தடவை துடை. நாற்காலி: எதுல உக்காரணும்னு நீ சொல்லாதே, ரெண்டு மாத்திட்டு அவரே மூணாவதுல உக்காருவார். மாத்திரை: சாப்பாட்டுக்கு முன்னாடி வெள்ளை, பின்னாடி மஞ்சள். மஞ்சளை நாக்குக்கு அடியில் ஒளிச்சு வச்சுப்பார், பேச்சுக் கொடு. ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிடுவார். தண்ணிக்கு இல்ல. யாராவது இருக்காங்களான்னு பாக்க.

தம்பி படித்தான். கடைசி வரியில் அவன் கண் கொஞ்ச நேரம் நின்றது.

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை லீவுன்னு நினைச்சியா?"

சீட்டை மடித்தான். பர்சை எடுத்து உள்ளே வைத்தான். பிறகு, பஞ்சு எந்தக் கம்பெனி என்று கேட்ட மலை மாதிரி ஆள் கடைசியில் சட்டைக்கையை மடித்துக் கையை நீட்டினதுபோல, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?"

"காலைல ஏழு. நீ வந்து கூட்டிட்டுப் போகணும். நான் ஆறரைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுவேன். அந்த அரை மணி நேரம் பக்கத்து வீட்டுல பாத்துப்பாங்க."

"ஏழெல்லாம் வேண்டாம். ஆறு மணிக்கு வர்றேன். உன்னையும் இறக்கி விட்டுட்டுப் போறேன்."

போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். "ஆமா, வர்றேன். வியாழக்கிழமை. ஆமாங்க, முடிவுதான்." போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தபோது ஒன்று ஐம்பத்திரண்டு. இரண்டேகாலுக்கு அவள் வேலையில் இருக்க வேண்டும்.

அப்போதுதான் மீன் வந்தது. முள்ளை ஒதுக்கி ஒரு வாய் வைத்தாள். வெளியே ஓரம் மட்டும் சூடு. நடுவில் ஜில்லென்று இருந்தது. வழக்கம்போல விழுங்கிவிட்டு அடுத்த துண்டைக் கிள்ளினாள். வாய்க்குப் பாதி வழியில் கை நின்றது.

துண்டைத் தட்டிலேயே போட்டாள்.

"கொஞ்சம் வாங்களேன்," என்றாள் சர்வரைப் பார்த்து. "நடுவுல வேகலை. திரும்ப வறுத்துக் கொண்டாங்க."

தம்பி வாயைப் பிளந்தான். "உனக்கு நேரமாச்சேக்கா."

"ஆகட்டும். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் லேட்டா போறேன்."

சர்வர் தட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். தப்பு தங்கள் பக்கம் என்று ஒப்புக்கொள்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு எடுத்துக்கொண்டார்.

"இப்ப வந்துடும் மேடம்."

தம்பி ஏதோ சொல்ல நிமிர்ந்தான். மேசைக்கு அடியில், வலிக்காத காலால், அவன் பாதத்தை அழுத்தி ஒரு மிதி மிதித்தாள் அக்கா.