மேஸ்திரிக்காகக் குறைந்த படிகள்

மேஸ்திரிக்கு மண்ணீரலில் கட்டி, அது ஈரலுக்கும் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்ன மறுநாளிலிருந்து, அவன் குடியிருந்த மூன்றாவது மாடிக்கு ஏறும் படிக்கட்டில் தினம் ஒரு படி குறைந்தது. மேஸ்திரி ஒரு நாய். பதினோரு வருடத்துக்கு முன்னால் கடைசி நிறுத்தத்தில் பேருந்தில் ஏறிக்கொண்டு, என்ன சொல்லியும் இறங்க மறுத்தவன். அந்தப் பேருந்தின் கண்டக்டரம்மா, தன் வேலைக்காலம் முழுவதும் டிக்கெட் இல்லாமல் ஏற விட்டது அவன் ஒருவனைத்தான். அன்றைக்கு வீட்டுக்குள் வந்ததும் அவன் ஒவ்வொரு சுவராக முகர்ந்து பார்த்தான். அவள் புருஷன் வெல்டர். அதற்கு முந்தின மாதம்தான் கதவோரத்து விரிசலைத் தன் கையாலேயே பூசியிருந்தார். அந்த இடத்தில் நின்று நாய் அவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தது. “வந்துட்டாருய்யா பெரிய மேஸ்திரி, வேலையைக் குத்தம் சொல்ல” என்றார் வெல்டர். அதுவே பெயராகிவிட்டது.

தரையிலிருந்து அவர்கள் வாசல் வரைக்கும் மாடிக்குப் பதினாறாக நாற்பத்தெட்டுப் படிகள். கண்டக்டரம்மாவுக்கு எதையும் எண்ணிக்கொண்டே இருக்கும் பழக்கம் உண்டு; பயணிகளை எண்ணி எண்ணி வந்த பழக்கம். மேஸ்திரி ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா அவன் வயிற்றைத் தடவிப் பார்த்தார், படம் எடுத்தார், கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். “அறுக்கிற கட்டத்தைத் தாண்டிடுச்சும்மா. ஒரு மாசம். மிஞ்சிப் போனா ஒன்றரை மாசம். வலிக்கு மருந்து தரேன், படி ஏற விடாதீங்க” என்றார். மறுநாள் வேலை முடிந்து வந்த கண்டக்டரம்மா அவனை வெளியே கூட்டிப்போவதற்காகத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். இருபத்தாறு கிலோ. நாற்பத்தேழில் தரை வந்துவிட்டது. கால் இல்லாத படியைத் தேடித் தடுமாறியது. அசதியில் எண்ணிக்கை தப்பியது என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மறுநாள் நாற்பத்தாறு.

வெல்டர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு படியும் எப்போதும் போல ஏழு அங்குலம்தான். கட்டடமும் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. பால்கனியில் நின்றால் தெரு பழையபடி மூன்று மாடி ஆழத்தில்தான் கிடந்தது. மின்கம்பிகள் முழங்கால் உயரத்தில்தான் போயின. ஆனால் அடியிலிருந்து படிகள் போய்க்கொண்டிருந்தன. போன இடத்தில் பள்ளமோ உடைசலோ இல்லை. தெருவின் சிமெண்டுத் தரை வந்து அடுத்த படியோடு ஒட்டிக்கொண்டிருந்தது, பிறந்ததிலிருந்தே அங்கே இருந்த மாதிரி. முதல் வாரம் குடியிருந்தவர்கள் கூடிக்கூடிப் பேசினார்கள். இரண்டாவது வாரம் நகராட்சிப் பொறியாளர் முக்காலி மேல் வைத்த கருவியோடு வந்து ஒரு பகல் முழுவதும் குனிந்து குனிந்து பார்த்தார். “கட்டடம் உறுதியாக உள்ளது. படிகள் குறைவதில் விதிமீறல் எதுவும் காணப்படவில்லை” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பதினாறாம் நாள் முதல் மாடி வாசல், கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்திலேயே தெருவில் வந்து நின்றது. அந்த வீட்டுக்காரர்கள் குளிர்சாதனப் பெட்டி ஒன்றை அன்றைக்கே வாங்கி நேராக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கண்டக்டரம்மா பார்த்துவிடக் கூடாதே என்று அதன் மேல் ஒரு துணியைப் போர்த்தியிருந்தார்கள்.

ஏனென்றால் அதற்குள் எல்லோருக்கும் கணக்குப் புரிந்துபோயிருந்தது. முதலில் புரிந்தது கண்டக்டரம்மாவுக்குத்தான். பதினோராம் நாள், முப்பத்தேழு படி மிச்சமிருந்தபோது, டாக்டர் சொன்ன ஒன்றரை மாதத்தை அவள் விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். படி தீரும் அன்றைக்கு அவனும் தீர்ந்துவிடுவான். புருஷனிடம் சொன்னாள். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. பட்டறையிலிருந்து இரும்புக் கோணங்களைக் கொண்டுவந்து, கடைசிப் படியைச் சுற்றிச் சட்டம் அடித்து, சுவரிலிருந்த கம்பிகளோடு சேர்த்துப் பற்றவைத்தார். மேஸ்திரி திருப்பத்தில் படுத்துக்கொண்டு, தீப்பொறி பறக்கும்போதெல்லாம் கண்ணை மூடிமூடித் திறந்தான். காலையில் பார்த்தால் சட்டம் ஆடாமல் அசையாமல் தெருவில் நின்றது, நடுவில் ஒன்றுமில்லாமல். இன்னொரு நாள் கண்டக்டரம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு கடைசிப் படியில் போய் உட்கார்ந்தாள். வாழ்நாள் முழுவதும் படியில நிக்காதீங்க, உள்ள போங்க என்று தொண்டை கிழியக் கத்தியவள், அன்றைக்கு ஒரு படியை விட்டு எழுந்திருக்கவில்லை. எந்த அதிர்வும் இல்லை. மத்தியானம் கால் மரத்துப்போய் குனிந்து பார்த்தபோது தெருவில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது மாடியில் கப்பல்காரர் இருந்தார். முப்பது வருடம் சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் வேலை பார்த்தவர். ஆறு வருடத்துக்கு முன்னால் இடுப்புக்குக் கீழே விழுந்துபோனது. அதிலிருந்து அந்த வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை. காலையில் ஒரு பெண் வந்து சமைத்துத் துடைத்துவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் சக்கர நாற்காலியும் அவரும்தான். மேஸ்திரி குரைக்கிறான், வாசலில் முடி உதிர்க்கிறான் என்று வீட்டு உரிமையாளருக்கு மூன்று முறை புகார் எழுதியவர். கண்டக்டரம்மாவுக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை அறுந்து ரொம்ப நாளாகிவிட்டது. இருபத்து நாலாம் நாள் அவள் மேஸ்திரியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது அவர் கதவு திறந்திருந்தது. நாற்காலியை வாசல் விளிம்பு வரை கொண்டுவந்து உட்கார்ந்திருந்தார்.

“இன்னும் எட்டுப் படி” என்றார். முகம் பளபளவென்று இருந்தது. சவரம் செய்திருந்தார்.

கண்டக்டரம்மா நின்றாள். “எட்டா? எட்டுன்னு எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கீங்களா? இவன் உசுரு சார் அது. ஒவ்வொண்ணும் இவனோட ஒரு நாளு. உங்களுக்குத் தெருவைப் பாக்கணும்னு இவன் சாகணுமா?”

நாய் அவள் தோளில் தலையைச் சாய்த்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“வேணாம்னு நான் சொன்னா நின்னுடும்னா சொல்லிடறேம்மா” என்றார் கப்பல்காரர். “வாய் சொல்லும், மனசு சொல்லாது. ஆறு வருஷமாச்சு. காத்து மூஞ்சில நேரா பட்டு ஆறு வருஷம்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உனக்குத் தெரியாது. தினம் காலையில இறங்கும்போது என் கதவுக்கிட்ட நிப்பான். கீழ இடுக்குல மூக்கை வெச்சு ரெண்டு இழுப்பு இழுப்பான். உள்ள ஆள் இருக்கா, செத்துட்டானான்னு பாக்கிற மாதிரி. அப்புறம் போவான். என்னை வந்து பாத்தது அவன் ஒருத்தன்தான். நான் அவன் மேல புகார் எழுதினேன்.”

அவள் ஏறிப் போய்விட்டாள். வீட்டுக்குள் போய் மேஸ்திரியைக் கீழே விட்டுவிட்டு, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அந்த மனுஷன் மேல் இருந்த கோபம் அத்தனை வருடமும் கைவசம் இருந்தது; இப்போது பார்த்து நழுவிவிட்டதே என்று அதற்கும் சேர்த்து அழுதாள்.

முப்பத்திரண்டாம் நாள் காலையில் இரண்டாவது மாடி வாசல் தெருவோடு வந்து நின்றது. கப்பல்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டு, வாசலுக்கு உள்ளேயே இருந்தார். வெளியே வர அவருக்குப் பயமாக இருந்தது. மேலே இருந்து கண்டக்டரம்மா பதினாறு படி இறங்கி வந்து, மேஸ்திரியைத் தரையில் விட்டுவிட்டு, நாற்காலியின் பின்னால் போய் நின்றாள். “பிடிச்சுக்கங்க சார்” என்று சொல்லித் தள்ளினாள். சக்கரம் தெருவில் ஏறியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது எதிர்வரிசை மரத்தை வெகுநேரம் பார்த்தார். “இது செடியா இருந்துச்சே” என்றார். மேஸ்திரி சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்தான். வழக்கமாகப் பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்துவிடுபவன், அன்றைக்குத் தெருமுனை வரைக்கும் நடந்தான். அதற்குப் பிறகு தினமும் அந்த நடை நடந்தது. அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் கப்பல்காரர்தான் மேஸ்திரியை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பார். மாத்திரை ஊட்டவும் அவர்தான் வழி கண்டுபிடித்தார்: முதலில் தான் விழுங்குவது போல நடித்துக் காட்டினால், பொறாமையில் வாங்கிக்கொள்வான். இப்படி எண்ணிக்கை பன்னிரண்டானது, எட்டானது, ஐந்தானது. கண்டக்டரம்மா படியைத் தடுக்கப் போவதை விட்டுவிட்டாள். ஆனால் எண்ணுவதை விடவில்லை. இருக்கிற படி எல்லாம் தனக்குச் சேர வேண்டியது, ஒன்றையும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று புருஷனிடம் சொன்னாள்.

நாற்பத்து நாலாம் நாள், நான்கு படி மிச்சமிருந்தபோது, மேஸ்திரி தண்ணீரையும் விட்டுவிட்டான். மருந்து வலியைத் தொடவில்லை. மூச்சு ஒவ்வொன்றையும் எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்தான். யாராவது தொட்டால் மட்டும் வால்நுனி ஒருமுறை தரையைத் தட்டியது, மரியாதைக்கு. வெல்டர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். “இந்த நாலு நாளும் இவனுக்கா, நமக்கா?” என்று கேட்டார். கண்டக்டரம்மா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து டாக்டரைக் கூப்பிட்டாள். ஊசி போட்டுவிடலாம் என்று தன் வாயாலேயே சொன்னாள். டாக்டர் நாலு மணிக்கு வருவதாகச் சொன்னார். அப்போது மணி இரண்டு.

அவள் போனை வைத்ததும் மேஸ்திரி எழுந்து நின்றான். நான்கு கால்களும் நடுங்கின, ஆனால் நின்றான். வாசலை நோக்கி நடந்தான். வெல்டர் தூக்குவதற்காகக் குனிந்தார். அவள் அவர் தோளில் கைவைத்து நிறுத்தினாள். கதவைத் திறந்தாள். நான்கு படிகளும் இல்லை. வாசற்படிக்கு அந்தப் பக்கம் தெரு, மட்டமாக, வெயிலோடு இருந்தது. மதிலில் பூனை ஒன்று உட்கார்ந்திருந்தது. கண்டக்டரம்மா ஒதுங்கி வழி விட்டாள். தான் விட்டுக்கொடுத்த நான்கு நாளையும் யாரோ வாங்கி, அப்படியே அவன் காலடியில் விரித்துவிட்ட மாதிரி அவளுக்கு இருந்தது. மேஸ்திரி வாசற்படியை முகர்ந்தான், தாண்டினான். ஒரு மாதத்துக்கும் மேலாக யாராவது தூக்கித்தான் அவன் அந்த வீட்டை விட்டு இறங்கியிருந்தான். அன்றைக்குத் தன் காலால் வெளியே போனான். விளக்குக் கம்பத்தைப் பார்த்தான். சாக்கடை மூடி ஒன்று சரியாக உட்காராமல் இருந்தது, அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். ஜெராக்ஸ் கடைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். வண்டிகள் தானாக ஒதுங்கின. ஹாரன் அடிக்க யாருக்கும் தோன்றவில்லை. பின்னால் கண்டக்டரம்மாவும் வெல்டரும், அவர்களுக்குப் பின்னால் தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு கப்பல்காரரும் வந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் தெருவின் இரண்டு ஓரத்தையும் பார்த்து முடித்தான். திரும்பி வந்து வாசலில் வெயில் விழுந்த இடத்தில் படுத்து அவள் மடியில் தலை வைத்தான். நாலு மணிக்கு டாக்டர் வந்தார். ஊசி போட்டார். கண்டக்டரம்மா குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று வெல்டர் கேட்டதில்லை.

அவன் போன பிறகு படிகள் திரும்பி வரும் என்று வீட்டு உரிமையாளர் ஒரு வருடம் வரைக்கும் நம்பினார். வரவில்லை. நான்கு வாசல்களும் தெருவில் வரிசையாக இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் நான்கு அடுக்காகத்தான் நிற்கிறது. தபால்காரர் முதல் மாதம் கடிதங்களை மாற்றி மாற்றிப் போட்டார், பிறகு பழகிவிட்டார். மழைத் தண்ணீர் தெருவில் முழங்கால் அளவு ஓடினாலும் மூன்றாவது மாடிக்குள் ஒரு சொட்டு வந்ததில்லை, அது மாடிதானே. கப்பல்காரர் தினம் காலையில் தெருமுனை வரை போய்வருகிறார். போகும்போது கண்டக்டரம்மா வீட்டுக் கதவை இரண்டு தட்டுத் தட்டுவார்; உள்ளேயிருந்து “இருக்கேன் சார்” என்று பதில் வரும். அவள் ரொம்ப நாள் மேஸ்திரியின் போர்வையைத் துவைக்கவில்லை. மறு வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் துவைத்து பால்கனியில் காயப்போட்டாள். பெரிய காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. அவள் எட்டிப் பிடிக்கப் பார்க்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து தெருவில் போய் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். போர்வை இன்னும் இரண்டாவது மாடி உயரத்தில்தான் மெதுவாகப் புரண்டு புரண்டு இறங்கிக்கொண்டிருந்தது. அது வந்து சேரும் வரைக்கும் இரண்டு கையையும் நீட்டியபடி நின்றாள். வாங்கினாள், உதறினாள், நான்காக மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.